வாலுக்கு வளைத்த குழாய்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதி செம்பனை ஆலை வேலைதான். நீராவிக் குழாய், படிக்கட்டுக் கைப்பிடி, லோரிக்குக் கேரியர். சந்தேகம் வந்தால் ஒரு சைஸ் கனமாகப் போடு என்பதுதான் அங்கே கணக்கு. பழக்குலைகளை வேகவைக்கும் கலனுக்கு 3 பார் அழுத்தத்தில் நீராவி போகும்போது அதுதான் சரி. விமானத்தின் வாலில் அது தலைகீழ்.

விமானப் படையில் டெக்னிஷியனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், வீட்டுக் கொட்டகையில் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வாலில் இடவலமாகத் திருப்பும் ரட்டருக்கும், மேலும் கீழும் அசையும் எலிவேட்டருக்கும் வெளிவிளிம்புக் குழாய் வளைத்துத் தரச் சொன்னார். 4130 என்ற குரோம் மாலிப்டினம் எஃகு. அரை அங்குல விட்டம், சுவர் 0.035 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீட்டர்தான்.

“அண்ணே, கொஞ்சம் தடியாப் போடலாமே?”

“கனம்தான் பலம்னு நினைக்காதே தம்பி” என்று தரையில் கோடு போட்டுக் காட்டினார். ஈர்ப்பு மையத்துக்கு 4 மீட்டர் பின்னால் வால், 1 மீட்டர் முன்னால் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். வாலில் 100 கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் 400 கிராம் வேண்டும். அதோடு, கீலுக்குப் பின்னால் கனம் ஏறினால் வேகத்தில் ரட்டர் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் வாலையே பிய்த்துவிடும்.

சரி, மெல்லிய குழாய்தான். ஆனால் வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருக்கம் விழும், வட்டம் நசுங்கும். நசுங்கிய இடத்தில் பலம் போய்விடும். பிறகு இந்தக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திச் சூடுகாட்டி இறுக்கும்போது, விளிம்பு உள்ளே இழுபடுவதும் அங்கேதான். அதனால் வறுத்து ஆறவைத்த மணலைத் தட்டித்தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்தோம். ஈர மணலை அடைத்துச் சூடாக்கினால் உள்ளே நீராவி பிடித்து அடைப்பு தெறித்துவிடும். நான் சூடே காட்டவில்லை. டார்ச் பட்ட இடம் மட்டும் இளகி, வளைவு முழுக்க அங்கேயே போய்ச் சேரும். இந்த மாதிரி நீண்ட, அகலமான வளைவுக்குப் பச்சையாக வளைப்பதே என் கையில் நன்றாக வருகிறது.

அச்சுக்கு ரப்பர் மரக்கட்டை எடுத்தேன், மறுநடவுக்காகத் தோட்டத்தில் வெட்டிப் போட்டது. குழாயின் பாதி உட்காரும்படி விளிம்பில் பள்ளம் எடுத்து, வேண்டிய ஆரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக அறுத்தேன். கையை விட்டதும் குழாய் கொஞ்சம் நிமிர்ந்துவிடும் அல்லவா? அப்புறம் ஒரே இழுப்பாக இழுக்காமல், கொஞ்சம் வளைப்பது, பிளைவுட்டில் முழு அளவில் வரைந்த கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி வளைப்பது. இந்த வேலையில் அவசரப்படுகிறவனிடம் குழாயைக் கொடுக்கவே கூடாது.

இடது, வலது எலிவேட்டருக்கு ஒரே கட்டில் வந்த குழாய்களையே எடுத்தேன். கட்டு மாறினால் நிமிரும் அளவும் மாறலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு அண்ணன் எடுத்துப்போனார். அடுத்து, குறுக்குக் குழாய்களின் முனைகளை மீன்வாய் மாதிரி அரத்தால் ராவி, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் வெல்டிங்கில் மெல்லிய சுவர் ஓட்டையாகிவிடும். அந்த வேலையும் எனக்கே வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.