மூன்றாவது பாடியில்தான் கூரை இறங்கியது: 1932 ஃபோர்டு கூப், 1/25

இது நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடல். தூண்களை வெட்டிக் குட்டையாக்கி இறக்கிய அதன் கூரை உட்கார்ந்துவிட்டது. இரண்டு பாடிகள் வீணான பிறகு, மூன்றாவதில். நேற்று இரவு சாம்பல் ப்ரைமர் அடித்துக் காயவிட்டு, மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து நான்கு பக்கமும் பார்த்தேன். எங்கே அறுத்து எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, இன்ஜின் பாதியில் நிற்கிறது. பரவாயில்லை, கூரையைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும்.

கார் நமக்கெல்லாம் தெரிந்த டியூஸ்தான் (1932 ஃபோர்டின் செல்லப் பெயர்), ஐந்து ஜன்னல் கூப். மட்கார்டு இல்லாமல், பாடி ஃபிரேமின் மேலேயே உட்காரும் ஹைபாய். '32-க்கு மட்கார்டைக் கழற்றினாலும் அழகு குறையாது என்பதற்குக் காரணம் அந்த ஃபிரேம். பக்கவாட்டில் அழுத்தி எடுத்த வரி ஒன்று முன்னிலிருந்து பின்வரை ஓடும். அதை மறைக்காமல் இருந்தாலே கார் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி கூரை. எனக்குக் கூரை இறக்காத ஹைபாய் கூப் தொப்பி பெரிதாகப் போனவரைப் போலத்தான் தெரியும். திறந்த காரான ரோட்ஸ்டரின் பிரியர்கள் இதில் என்னோடு சண்டை போடலாம்.

எவ்வளவு இறக்குவது? நிஜக் காரில் மூன்று அங்குலம் என்று முடிவு செய்தேன். கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தவர்கள் கூரையை வெட்டியது காற்றைக் கிழிக்க. முகப்புப் பரப்பு குறைந்தால் அதே இன்ஜினில் கூடுதல் வேகம் கிடைக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்கு வழி தெரிய வேண்டும். அந்த நியாயம் மாடலிலும் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். ஐந்து அங்குலம் வெட்டினால் பார்வைக்கு மிரட்டும், உள்ளே ஆள் உட்கார முடியாது.

மூன்று அங்குலம் 1/25-ல் 3.05 மில்லிமீட்டர். டமியா மாஸ்கிங் டேப் 3 மில்லிமீட்டர் அகலத்திலேயே கிடைக்கிறது. மிச்சமுள்ள 0.05 நிஜக் காரில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அதை விட்டுவிடலாம். டேப்பைச் சுற்றி ஒட்டு, மேலும் கீழும் அறு, நடுவில் இருப்பதை எடு, ஒட்டு. இப்படி நினைத்துத்தான் முதல் பாடியைக் கெடுத்தேன்.

கெடுத்தது ரம்பத்தின் பருமன். என் ரேசர் ரம்பத்தின் தகடு கால் மில்லிமீட்டர். டேப்பின் விளிம்புக்கு வெளியே வைத்து அறுத்தேன். மேலே கால், கீழே கால், ஆக அரை மில்லிமீட்டர் தூளாகப் போய்விட்டது. நிஜக் காரில் அது அரை அங்குலம். அதுவும் கூரையைத் தாங்கும் எல்லாப் பில்லரிலும் ஒரே மாதிரி போயிருந்தால் மூன்றரை அங்குலம் இறக்கியதாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். இடது முன் பில்லரில் ரம்பம் டேப்பை ஒட்டிப் போனது, வலதில் விலகிப் போனது. கூரையை வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் தேய்த்தேன், பிறகு அந்தப் பக்கம். தேய்க்கத் தேய்க்கக் கூரை இறங்கிக்கொண்டே போனது. நாலு அங்குலத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது பாடியில் செய்தது வேறு. டேப்பை அறுக்கும் அளவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் பாடியை வைத்து, மரக்கட்டை ஒன்றில் கத்தி அலகைப் படுக்கவைத்துக் கட்டி, கட்டையை நகர்த்தி நகர்த்திச் சுற்றிலும் மெல்லிய கீறல் போட்டேன். அப்புறம் கட்டைக்கு அடியில் 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் (மாடல் பிளாஸ்டிக்) தகடு மூன்றை அடுக்கி, அதே மாதிரி இரண்டாவது கீறல். இப்போது எல்லாப் பில்லரிலும் ஒரே மட்டத்தில் இரண்டு கோடுகள். பாடி எப்படி வளைந்திருந்தாலும் கண்ணாடிப் பலகை பொய் சொல்லாது.

அறுக்கும்போது ரம்பத்தை இரண்டு கோடுகளுக்கும் உள்ளே வைத்தேன், அதாவது தூக்கிப் போடப் போகிற பகுதிக்குள். கோட்டுக்கு முன்னால் மயிரிழை மிச்சம் வைத்து அறுத்து, தட்டையான கட்டையில் ஒட்டிய 400 உப்புத்தாளால் கோடுவரை தேய்த்துக் கொண்டுவந்தேன். ரேசர் ரம்பத்தை ஒதுக்கிவிட்டு, 0.1 மில்லிமீட்டர் மெல்லிய உலோகத் தகடான எச்சிங் ரம்பத்தைப் பிடித்தேன். மெதுவாகத்தான் போகும். அழுத்தினால் வளைந்து மடங்கிவிடும். இழுக்கும்போது மட்டும் வெட்டவிட்டு, தள்ளும்போது சும்மா விட வேண்டும். ஒரு முன் பில்லருக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தைக் கொடுத்ததால்தான் பிறகு இரண்டு நாள் மிச்சமானது.

அறுப்பதற்கு முன்னால் பாடிக்குள் குறுக்கே இரண்டு தடித்த எவர்கிரீன் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டிவிடுங்கள். கூரை போனதும் பாடியின் பக்கங்கள் விரிந்துகொள்கின்றன. முதல் முறை இதையும் கவனிக்காமல் விட்டேன்.

பின்பக்கம் தனிக் கதை. முன்னால் வெட்டிய அதே உயரத்தில் சுற்றி வந்தால் பின் ஜன்னலின் நடுவில் ரம்பம் போகும். ஏற்கெனவே சின்ன ஜன்னல், தபால் பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும். அதனால் பக்க ஜன்னலைத் தாண்டியதும் வெட்டைப் படி மாதிரி கீழே இறக்கி, பின் ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோனேன். ஜன்னல் அளவு மாறாமல் அப்படியே மூன்று மில்லிமீட்டர் கீழே வந்து உட்கார்ந்தது. இந்தக் காரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

சரி, கூரையை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தால் மேல் பில்லரும் கீழ் பில்லரும் நேருக்கு நேர் சந்திக்காது. பாடி மேலே போகப் போக உள்ளே குறுகுகிறது. மேலே இருந்ததைக் கீழே இறக்கினால், மேல் துண்டு உள்பக்கமாக நிற்கும். என் அளவில் ஒவ்வொரு பக்கமும் 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம். முன் பில்லர்கள் லேசாகப் பின்னால் சாய்ந்திருப்பதால் முன்பின்னாகவும் கொஞ்சம் விலகும். இதைப் பட்டி போட்டு மறைக்கப் பார்த்தால் பில்லர் யானைக்கால் மாதிரி வீங்கிவிடும். கீழ்த் துண்டின் அடியில் உள்பக்கமாக, முழுதும் அறுத்துவிடாமல், ஒரு சின்ன 'வி' வெட்டு வெட்டினேன். விரலால் மெல்ல உள்ளே சாய்த்தால் வெட்டு மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் மெல்லிய சிமென்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவப் பசை) ஒரு சொட்டு தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் கை வைக்கக் கூடாது. மறுநாள் இரண்டு துண்டும் நேருக்கு நேர் பார்த்தன.

ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத பில்லரில் வெறும் ஒட்டு நிற்காது. 0.4 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பியை ஆணி மாதிரி இறக்கினேன். முதலில் கீழ்த் துண்டில் துளையிட்டுக் கம்பியை நட்டு, அதன் நுனியில் துளி பெயின்ட் தொட்டு, கூரையை மேலே வைத்து எடுத்தால் எங்கே துளை போட வேண்டும் என்று புள்ளி விழும். முன்னால் இரண்டு, கதவுப் பில்லரில் இரண்டு. பின்பக்கம் அகலமான ஒட்டு என்பதால் உள்ளே ஒரு தகட்டை வைத்து ஒட்டினால் போதும்.

இரண்டாவது பாடி இந்தக் கட்டம்வரை நன்றாகத்தான் வந்தது. அதைக் கெடுத்தது பட்டி. குழாயில் வரும் கரைப்பான் பட்டியைத் தடிமனாக அப்பி, அன்றைக்கே தேய்த்து, மறுநாளே பெயின்ட் அடித்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பளபளக்கும் கறுப்பில், பின் ஜன்னலுக்கு அடியில், கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளம். பட்டி உள்ளே காய்ந்து சுருங்கியிருக்கிறது. கறுப்பு எதையும் மன்னிக்காது. இந்த முறை கிட்டின் மிச்ச ஸ்ப்ரூவையே (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டு துண்டாக நறுக்கி, சிமென்டில் கரைத்து, கூழாக்கிப் பூசினேன். பாடியும் அதே பிளாஸ்டிக், நிரப்பியதும் அதே பிளாஸ்டிக். தேய்க்கும்போது ஒன்று மெத்தென்று, ஒன்று கெட்டியாக இருக்கும் தொல்லை இல்லை. காய நாளாகும். பத்து நாள் பெட்டியில் போட்டு மூடிவைத்தேன். சின்ன ஊசித் துளைகளுக்கு மட்டும் சூப்பர் குளூ. அதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், விட்டால் ஸ்டைரீனைவிடக் கெட்டியாகி, சுற்றியிருப்பதுதான் தேயும்.

பத்து நாள் சும்மா இருக்க முடியாமல் இன்ஜினை எடுத்தேன். ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8. 1932-ல் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனுமாக வந்தது. சாதாரண மக்கள் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் கிடைத்ததால்தான் இந்தக் காரைச் சுற்றி ஒரு உலகமே உருவானது. அதன் மேல் மூன்று ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் வைக்கிறேன். ரெசினில் வார்க்கிற ஒருவரிடம் வாங்கிய இன்டேக் மனிஃபோல்டில் அடிப்பக்கமெல்லாம் காற்றுக் குமிழி. மேல்பக்கம் சுத்தமாக இருந்ததால் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் படத்தில் காட்டியது இது இல்லை. கார்புரேட்டர்கள் மட்டும் அருமை, மிதவைக் கிண்ணத்தின் திருகுகூடத் தெரிகிறது.

பிளக் ஒயருக்குப் பழைய ஹெட்போன் வயரைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும் இழை போதும். நிஜ ஒயர் 7, 8 மில்லிமீட்டர், நமக்கு 0.3. ஃபிளாட்ஹெட்டில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், தாழ்வாக, கேம்ஷாஃப்டின் நுனியில் இருக்கும். பின்னால் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், மற்ற வி8 கட்டிப் பழகிய கை அங்கேதான் போகும். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-4-8-6-3-7-2. எட்டில் இரண்டு ஒயர் முடிந்திருக்கிறது.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வினைல் டயரை ஸ்டைரீன் சக்கரத்தில் நேரடியாக மாட்டி வருடக்கணக்கில் வைத்தால் டயரின் எண்ணெய்ப் பசை சக்கரத்தை உருக்கிவிடும். என் பழைய '40 கூப் ஒன்றின் சக்கரங்கள் அப்படித்தான் போயின. இப்போது சக்கர விளிம்பில் ஒட்டும் உலோகத் தாளைச் சுற்றிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

இதற்கு அடுத்தது '34. பெட்டியில் இருக்கிறது, நேற்றே எடுத்துப் பார்த்துவிட்டேன். அதன் முன் பில்லர் இதைவிட நன்றாகச் சாய்ந்திருக்கிறது. கூரையை இறக்கினால் முன்னால் இடைவெளி பெரிதாக விழும், 'வி' வெட்டெல்லாம் போதாது. கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் தகடு வைத்து நீட்ட வேண்டும். இரண்டு பாடி வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றின் கூரையிலிருந்து பட்டை எடுத்து மற்றதில் வைத்தால் வளைவு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

டியூஸுக்கு வருகிறேன். நிஜக் காரில் கூரையின் நடுப்பகுதி இரும்பு கிடையாது, துணி போர்த்தியது. கிட்டில் அந்தத் துணியின் சொரசொரப்பை அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள். வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரான ஹாட் ராடுக்கு அதை இரும்பால் மூடுவதுதான் வழக்கம் என்பதால் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டேன். கிட்டின் கண்ணாடி இனி எதற்கும் பொருந்தாது. 0.25 மில்லிமீட்டர் தெளிவான தகட்டில் முன்கண்ணாடிக்கு வார்ப்புரு வெட்டி மூன்று முறை திருத்தியாகிவிட்டது. கண்ணாடியைப் பெயின்ட்டுக்குப் பிறகு வெள்ளைப் பசையில்தான் ஒட்டுவேன். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும்.

நிறம் மறுபடியும் கறுப்புதான், டமியா டிஎஸ்-14. ப்ரைமர் பூசிய பாடியை மூன்று வாரம் அப்படியே வைத்து, விளக்கைச் சாய்த்து மறுபடி பார்ப்பேன். கோடு ஏதும் எழும்பாவிட்டால்தான் கேனைக் குலுக்குவேன். அதுவரை மிச்சமுள்ள ஆறு ஒயர்.