மாணவர் பேரவையில் ஓர் இடம்

வளாகத்தில் எது சரியில்லை என்று நண்பர்களிடம் புலம்புவதைவிட மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பதே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். தேர்வுக் காலத்தில் நூலகத்தை இரவிலும் திறந்து வைக்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை, முழக்கமாக இருந்தவரை யார் காதிலும் ஏறவில்லை. எத்தனை பேர் இருக்கையின்றித் திரும்புகிறார்கள் என்று வாசலில் நின்று குறித்து, காவலருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவையும் கணக்கிட்டு, தீர்மானமாக நிறைவேற்றி நிர்வாகத்தின் முன் வைத்த பிறகே பேச்சுவார்த்தை தொடங்கியது. பேரவைக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கும் உரிமைதான் உண்டு, ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஆகவே கூட்டக் குறிப்புகளைப் பிழையின்றி எழுதுவதும், சென்ற முறை ஒப்புக்கொண்டது என்னவாயிற்று என்று விடாமல் கேட்பதும் மேடைப் பேச்சைவிட முக்கியம். மாற்றுத்திறனாளிகள், முதலாமாண்டு மாணவர்கள் ஆகியோரின் குரல் தானாக அங்கே வந்து சேராது என்பதால், தேர்தலில் நிற்க விரும்பாதவர்களும் பொதுக்கூட்டத்துக்காவது வாருங்கள்.