பார்க்கிங் கட்டணத்துக்கு ஒரு வாக்கெடுப்பு

கார் நிறுத்தக் கட்டணம் ஏற்றலாமா என்று ஊரையே கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்ன கதை தெரியுமா? பாரிஸ், 2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. மேயர் ஆன் இதால்கோ கேட்டது ஒரே கேள்விதான்: எஸ்யூவி மாதிரி கனமான கார்களுக்குக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா? பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் என்றால் 1.6 டன்னிலிருந்து, மின்சாரக் கார் என்றால் 2 டன்னிலிருந்து. நகரின் நடுவில் முதலில் மணிக்கு 18 யூரோ, நேரம் கூடக் கூட அதுவும் ஏறும்; ஆறு மணி நேரம் விட்டுவிட்டுப் போனால் 225 யூரோ, அந்தக் காசுக்கு நாமே ரூம் போட்டுத் தங்கிவிடலாம்.

54 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. அக்டோபர் 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் 6 சதவீதம்கூட இல்லை!

சரி, அதுகூடப் பரவாயில்லை. சொந்தப் பகுதியில் நிறுத்தும் பாரிஸ்வாசிகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது, டாக்ஸிக்கும் கிடையாது. ஆக, கட்டப்போவது பெரும்பாலும் வெளியூர்க்காரர், ஓட்டுப் போட்டதோ உள்ளூர்க்காரர். சாலையில் பெரிய வண்டிகள் குறையவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் புறநகரிலிருந்து வேலைக்கு வந்து போகிற மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?