தெமோதரையில் ரயிலைத் துரத்திய ஹீரோ

படத்தின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மலையகத்தில் எடுத்த ஒரு சின்னக் காதல் நகைச்சுவைப் படம், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, எங்கள் வீட்டில் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். கொழும்புப் பையன், தோட்டத்துப் பெண், நடுவில் முறைத்துக்கொண்டே திரியும் ஒரு தாய்மாமன். அவ்வளவுதான் கதை. ஆனால் எடுத்த இடமெல்லாம் நம்ம பக்கம் என்பதால் மச்சானும் நானும் ஒருநாள் தலவாக்கலையிலிருந்து கிளம்பிவிட்டோம்.

முதலில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி. பாட்டுக் காட்சியில் நாயகி அதன் முன்னால்தான் கொழுந்து எடுக்கிறாள். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லை, விரலில் கறை இல்லை, அட்டையும் அவளைக் கடிப்பதில்லை! அருவிதான் பாவம், மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு படத்தில் பார்த்த தண்ணீரில் பாதிகூட இல்லை. அவள் இங்கே திரும்பிப் பார்த்தால் அடுத்த வரியில் ஹீரோ எல்லவுக்குப் பக்கத்திலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் நின்று கையாட்டுகிறான். ரயிலில் போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. "இவனுக்கு மட்டும் எந்த ரயில்டா கிடைச்சது?" என்று மச்சான் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பாலத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1921இல் இரும்பே இல்லாமல் கட்டியது, 24 மீட்டர் உயரம், இப்போது செல்ஃபிக் கூட்டம். ஒரு செவ்விளநீர் குடித்துவிட்டு நகர்ந்தோம்.

நான் பார்க்க ஆசைப்பட்டது தெமோதரை ஸ்டேஷனைத்தான். படத்தில் நாயகி ரயில் ஏறிப் போய்விடுவாள், ஹீரோ பிந்தி வந்து பிளாட்ஃபாரத்தில் தலையில் கை வைத்து உட்காருவான், அப்புறம் எழுந்து சரிவில் இறங்கி ஓடி அதே ரயிலை மறுபடி பிடிப்பான். சின்ன வயதில் சுத்தப் புருடா என்று நினைத்திருந்தேன். இல்லை. பதுளைக்குப் போகிற ரயில் ஸ்டேஷனை விட்டதும் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. நாங்கள் வந்த ரயிலையே மேலே நின்று பார்த்தோம். முதலில் சத்தம் தூரமாகப் போனது, மரங்களுக்குள் காணாமல் போனது, கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே ஹார்ன் கேட்டது.

இந்த வளைவை எப்படிப் போடுவது என்று திணறிய பொறியியலாளருக்கு, ஒரு கங்காணி, அதாவது தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மேற்பார்வைக்காரன், தலைப்பாகை சுற்றுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். ஊரில் சொல்கிற கதை. நிஜமோ இல்லையோ, கங்காணியைப் பற்றி நம் ஆட்கள் நல்லதாகச் சொல்கிற கதை இது ஒன்றுதான் இருக்கும்.

ஸ்டேஷனில் நின்ற பெரியவர் ஒருவரிடம் ஹீரோ ஓடிய கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "ஓடினா கீழ போய்ச் சேரலாம் தம்பி. ஆனா அங்க ரயில் நிக்காதே, எப்படி ஏறுறது?"

டைரக்டர் அந்த இடத்தில்தான் கட் போட்டிருக்கிறார்.

எல்லவிலிருந்து ஆட்டோவிலும் வரலாம். ஆனால் ரயிலிலேயே வந்து இறங்குங்கள். அப்போதுதான் நீங்கள் வந்த ரயிலே உங்கள் காலடியில் போகும்.