முதலில் கல், பிறகு வசனம்: ஞாயிறு மறைக்கல்விக் குறிப்பேடு, கொழும்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

29ஆம் திகதி புனித பேதுரு, பவுல் பெருவிழா. இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. இயேசு சீமோனுக்கு, அதாவது பேதுருவுக்கு, வைத்த பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை. பாறையைக் கையில் எடுத்துப் பார்த்திராத பிள்ளைக்கு அது வெறும் பெயர்தான். ஆகவே 9 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு இம்மாதப் பாடம் கல்லில் தொடங்குகிறது. வசனத்தை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கல்லைப் பார்க்க மாட்டார்கள், ஆசிரியர் எதிர்பார்க்கும் பதிலைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

கொழும்பில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு பை கருங்கல் சல்லி தருவார்கள். பெரும்பாலும் நைஸ் அல்லது சார்னோகைட் என்ற கடினமான பழம்பாறை. பழைய மதில் இடித்த இடத்தில் கபுக் கல் (செம்புரைக்கல்) கிடைக்கும். மாபிள் வெட்டும் கடையில் ஓரத்துண்டு கேட்கலாம். அங்கே ‘கறுப்பு கிரனைட்’ என்று விற்பது பெரும்பாலும் கப்ரோ அல்லது டொலரைட் என்ற வேறு கரும்பாறை, அதைத் திருத்திச் சொல்லவும். யாழ்ப்பாணத்து உறவினர் வந்தால் கிணறு வெட்டிய இடத்துச் சுண்ணக்கல் ஒன்று கொண்டுவரச் சொல்லவும்.

கல்கிசைக் கரைப் பாறைகளுக்கு இந்த மாதம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொல்லாதது. முருகைக்கல் எந்த மாதத்திலும் பொறுக்கக் கூடாது.

ஜூன் 8, பெந்தகோஸ்து ஞாயிறு

ஐந்து பேருக்கு ஒரு தட்டு: நான்கு வகைக் கல், இரும்பு ஆணி, கைவில்லை, வினாகிரி, சொட்டுக்குழாய்.

முதல் பத்து நிமிடம் பெயர் கிடையாது, பார்ப்பது மட்டும். நிறம், மணிகளின் அளவு, மினுக்கம், பாரம். பிறகு கீறல். மோஸ் அளவுகோலில் (1 மிக மென்மை, 10 மிகக் கடினம்) நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5, இரும்பு ஆணி 5.5 அளவில், கண்ணாடி போன்ற கனிமமான குவார்ட்ஸ் 7. கபுக் கல்லை ஆணி எளிதாகக் கீறும். குவார்ட்ஸில் ஒரு சாம்பல் கோடு விழும், உடனே “கீறிவிட்டது!” என்பார்கள். ஈர விரலால் துடைக்கச் சொல்லவும். கோடு அழிந்தால் அது ஆணியின் இரும்பு, தோற்றது ஆணி.

சுண்ணாம்பு உள்ள கல்லில் வினாகிரி நுரைக்கும். இந்தச் சோதனை பிழையாகிப்போவது மாபிளில். யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நுரைக்கும், இடித்த சிப்பி நன்றாகவே நுரைக்கும். நம் நாட்டு மாபிளில் பெரும்பகுதி டொலமைட் என்ற, எளிதில் நுரைக்காத கனிமம் கலந்தது, முழுத் துண்டாக வைத்தால் ஒன்றும் நடக்காது. ஆணியால் சுரண்டி அந்தத் தூளின்மேல் சொட்டு விட்டு, கைவில்லையால் பார்க்க வேண்டும். நுரை வரவில்லை என்று டைல் கழுவும் அமிலத்தை எடுக்கவே கூடாது.

ஜூன் 13, வெள்ளி

கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. இன்று ஒரே வேலை: 100 மி.லீ. வெந்நீரில் 25 கிராம் படிகாரத்தைக் கரைத்து இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியை ஐஸ் தண்ணீரில் வைத்தால் பொடிப் பளிங்குகள். மற்றதைத் துணியால் சுற்றி ஆறவிட்டால் பெரியவை. உருகிய குழம்பு ஆறி உண்டான தீப்பாறைகளும் அப்படித்தான்: நிலத்துக்கடியில் மெதுவாக ஆறியது கிரனைட், வெளியே வந்து சட்டென ஆறியது பசால்ட்.

ஜூன் 15, மூவொரு இறைவன் ஞாயிறு

இன்று நிக்கோலஸ் ஸ்டெனோ. 1638இல் கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த உடற்கூற்று அறிஞர். 1666இல் இத்தாலியில் ஒரு சுறாத் தலையை அறுத்துப் பார்த்து, ‘நாக்குக் கற்கள்’ எனப்பட்டவை பழைய சுறாப் பற்கள் என்று கண்டார். 1667இல் கத்தோலிக்கரானார். 1669இல் பாறை அடுக்குகளைப் பற்றிய நூலை வெளியிட்டார்: குலையாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, படியும்போது அடுக்கு கிடையாகவே படியும். பிறகு குருவானார், ஆயரானார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். அருளாளராக உயர்த்தப்பட்ட ஒருவர் நிலவியலுக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

செய்முறை: 1.5 லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டி, பாதிக்குத் தண்ணீர். மூன்று மேசைக்கரண்டி கடல் மணல், மேலே ஒரு சிப்பி, பிறகு செங்கல் தூள், கடைசியில் களிமண். கரண்டியால் தூவ வேண்டும். கொட்டினால் கீழ் அடுக்கில் குழி விழும். களிமண்ணை முதலில் போட்டால் தண்ணீர் கலங்கி வகுப்பு முடியும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு சிட்டிகை படிகாரம் தெளிய வைக்கும்.

ஒரு பிழை நிச்சயம் வரும். கருங்கல்லின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டி, “கீழே இருப்பதுதான் மூத்ததா?” என்பார்கள். இல்லை. அவை படிந்த அடுக்குகள் அல்ல. வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து வரிசைகட்டிய பட்டைகள். இது உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பழம்பாறைதான். போத்தல் பாடத்தையும் கருங்கல்லையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

ஜூன் 22, இயேசுவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா

வயது. 454 செ.மீ. கயிறு, 1 செ.மீ.க்கு 1 கோடி ஆண்டு. ஒரு முனை பூமியின் தொடக்கம், மறு முனை இன்று. இன்றிலிருந்து பின்னோக்கி 6.6 செ.மீ.இல் டைனோசர்கள் அழிந்தன. 55 முதல் 61 செ.மீ.க்குள் நம் மலைநாட்டுப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறின. மனிதரின் 3 இலட்சம் ஆண்டுகள் 0.3 மி.மீ.; பேனாக் கோடு அளவு.

“அப்போ ஆறு நாள்?” என்ற கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 337, படைப்பு ஆறு நாள் வேலையாக அடையாள முறையில் சொல்லப்படுகிறது என்கிறது. எண் 159, நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உண்மையான முரண் இருக்க முடியாது என்கிறது. தொடக்கநூல் யார் படைத்தார், ஏன் நல்லது என்று சொல்கிறது. கயிறு எப்போது என்று சொல்கிறது. ஸ்டெனோவுக்கு இந்த வயது தெரியாது, அடுக்குகளை நோவாவின் வெள்ளத்தோடு பொருத்திப் பார்த்தவர்தான். அதையும் மறைக்காமல் சொல்லவும்.

ஜூன் 28, சனி

நாளைக்கு: தட்டில் கருங்கல் மட்டும். பிள்ளைகள் தங்கள் சொற்களில் பாறையை விவரித்த பிறகு மத்தேயு 16:13–19 வாசிப்பு, அதன்பின் திருப்பாடல் 18:2. சீமோன் கலங்கியவர், மறுதலித்தவர். கருங்கல்லும் பிறந்தபோதே கருங்கல் அல்ல. இதைப் பிள்ளைகளே சொல்ல விடவும். சொல்லாவிட்டால் விட்டுவிடவும்.

பூசைக்குப் பின் பலிபீடம் என்ன கல் என்று பார்க்கலாம். நிலையான பீடத்தின் மேற்பலகை இயற்கைக் கல்லாக இருப்பது திருச்சபையின் மரபு. மரமும் சீமெந்தும் உண்டு. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்கவும். கோயிலுக்குள் போகுமுன் ஆணிகளை எண்ணி வாங்கி வைத்துவிடவும்.