050335 எப்படி 20701 ஆனது

உணவங்காடி நிலையக் கடைகளின் விவரங்களைத் தமிழில் காட்டும் சிறு செயலி ஒன்றை நண்பர்கள் இருவருடன் தொடங்கியபோது, அதன் அமைவுக் கோப்பை (செயலி இயங்கும்போது படிக்கும் விவரங்கள் அடங்கியது) எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அரை மணி நேர வேலை என்பது என் கணக்கு. பைத்தானில் எழுதியதால் அத்தகைய கோப்புகளுக்குப் பயன்படும் யாம்ல் (YAML) வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம். கடவுச்சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து, அது நிரலைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்துக்குள் போகாதபடி விலக்கியதும், உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தொடாமல் இடைவெளிகளையே இட்டதும் சிரமமின்றி முடிந்தன.

சிக்கல் அஞ்சல் குறியீட்டில் வந்தது. சிங்கப்பூரில் அது ஆறு இலக்கம் கொண்டது. நகர மையத்துக் குறியீடுகள் பல பூஜ்ஜியத்தில் தொடங்குபவை. கடையநல்லூர் ஸ்திரீட்டிலுள்ள (நம் ஊர்ப் பெயர்தான்) மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் 069184 வரைபடத்தில் சரியான இடத்தில் வந்து நிற்க, ஸ்மித் ஸ்திரீட்டிலுள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் 050335 மட்டும் 20701 என்று மாறி, எங்கும் அகப்படாமல் போயிற்று. இரண்டையும் ஒரே விதமாகத்தான் எழுதியிருந்தேன் என்பதால், பிழை வரைபடப் பகுதியில் இருப்பதாக எண்ணி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

யாம்ல் கோப்பைப் படிக்க நாங்கள் பயன்படுத்திய பையாம்ல் நூலகம் யாம்ல் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. மேற்கோள்குறி இல்லாமல் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை அவ்விதிகள் எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையிலான இலக்கங்களால் மட்டும் எழுதப்படுவது) கொள்கின்றன. எட்டடிமானத்தில் 8, 9 ஆகிய இலக்கங்களே இல்லாததால் 069184 எண்ணாக ஏற்கப்படாமல் எழுத்துச்சரமாகவே, அதாவது வெறும் உரையாகவே, தப்பிவிட்டது. 050335இல் அவை இல்லாததால் அது நாம் வழக்கமாக எண்ணும் பதின்மத்துக்கு மாற்றப்பட்டு 20701 ஆனது. 2009இல் வெளிவந்த 1.2 பதிப்பு இவ்வழக்கத்தைக் கைவிட்டிருந்தும் நூலகம் பழைய விதியிலேயே நிற்கிறது. நார்வேயின் நாட்டுக் குறியீடான ‘என்ஓ’ (NO), ஆங்கிலத்தில் ‘இல்லை’ எனப் பொருள்படுவதால், இதே விதிகளால் ‘பொய்’ என்ற மதிப்பாக மாறுவதைப் படித்துச் சிரித்தவன் நான்!

குறியீடுகள் அனைத்துக்கும் மேற்கோள்குறி இட்ட பின், கோப்பு ஏற்றப்படும்போதே கடை விவரங்கள் எல்லாம் எழுத்துச்சரங்களாக உள்ளனவா என்று சோதிக்கும் சில வரிகளையும் சேர்த்தேன். முதல் ஓட்டத்திலேயே செயலி நின்றது: 10:30 மணிக்குத் திறக்கும் கடையின் நேரம், அறுபதடிமான எண்ணாகக் கருதப்பட்டு, 630 (10 × 60 + 30) என்று பதிவாகியிருந்தது.