மாமாவின் கையில் ஒரு மயிலைக் காளை

எங்க வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர் போவதென்றால் எட்டிக்காய். "மாட்டை ஆரு பாக்கறது அம்மிணி?" என்று ஒரே கேள்வியில் எல்லாப் பயணத்தையும் முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் போன வாரம் தானாகவே, "சனி ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட மாட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பச்சை குத்திக்கொள்ளப் போகிறார் என்று யார் கண்டது?

சனிக்கிழமை முழுக்க நங்கையா, அதாவது அவரோட அக்கா, கையில் சிக்கினோம். காங்கயத்தில் கிளம்பி பல்லடம், சூலூர் தாண்டி பீளமேட்டில் பையை வைத்ததுதான் தாமதம், ஒப்பணக்கார வீதிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பருத்திப் புடவைக்கு எத்தனை மாடி! மாமா (எங்க வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியம் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி சாப்பிட்ட பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது. சாயங்காலம் உக்கடம் பெரியகுளக்கரை, அப்புறம் கிராஸ்கட் ரோட்டில் செருப்பு, வளையல். வீடு திரும்பும்போது கால் என் காலாக இல்லை.

ஞாயிறு காலை பேரூர் கோயில். கனகசபை மண்டபத்தின் தூண் சிற்பங்களையும் கூரையில் தொங்கும் கல் சங்கிலியையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், கூட்டத்தில் சாமியை ஒரு நொடிதான் பார்க்க முடிந்தது. மாமா மட்டும் குருக்களிடம் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார். பட்டி என்கிற காமதேனுவின் கன்று புற்றை மிதிக்க, உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் குளம்புத் தழும்பு விழுந்ததாம். அதனால்தான் பட்டீசுவரர். தெரிந்த கதையைத் திரும்ப எதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சொன்னார்: "சிவனே மாட்டுத் தழும்போட இருக்கறாரு. நான் கையில ஒரு மாடு குத்திக்கிட்டா என்னங் கண்ணு?"

ஆக, எல்லாம் ஏற்கெனவே ஏற்பாடு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாட்டூ கடையில் நேரமும் வாங்கி வைத்திருக்கிறார்.

கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். காங்கயம் காளை கேட்டு மாசத்துக்கு நாலு பேராவது வருவார்களாம். தயாராக வைத்திருந்த படத்தைத் தாளில் எடுத்து முன்கையில் ஒட்டி உரித்தார். ஊதாக் கோடுகளில் ஒரு காளை. மாமா அதையே உற்றுப் பார்த்தார். "தம்பி, கொம்பு சரியில்லீங்க. இது நேரா மேல போகுது. நம்மூர்க் கொம்பு ரெண்டு பக்கமும் விரிஞ்சு, பின்னால வளைஞ்சு, நுனி ரெண்டும் கிட்ட வரணும்" என்றார். தம்பி பொறுமைசாலி. துடைத்துவிட்டு வேறு ஒட்டினார். அதுவும் ஆகவில்லை. கடைசியில் மாமா போனில் எங்கள் காளையின் படத்தைக் காட்ட, அதைப் பார்த்தே தம்பி புதிதாக வரைந்தார். கொம்புக்கே ஒரு மணி நேரம் போனது. கூலி சதுர அங்குலக் கணக்காம். காட்டுக்கு ஏக்கர், வீட்டுமனைக்கு சென்ட், மாமன் கைக்கு அங்குலம்.

எங்கள் எதிரிலேயே உறையைப் பிரித்துப் புது ஊசியை மாட்டினார். கொம்பு வரைக்கும் மாமா ஊர்க்கதை பேசினார். முழங்கை மடிப்புக்கிட்ட ஊசி வந்ததும் பேச்சு நின்றது. என் கையை நசுக்கிய நசுக்கில் நேற்று வாங்கிய வளையலில் ரெண்டு போச்சு.

நிறம் கொடுக்கும்போதுதான் எனக்கே ஆசையாக இருந்தது. சின்னச் சின்ன மூடிகளில் கறுப்பு மையை விட்டுத் தண்ணீர் கலந்து, ஒன்றைவிட ஒன்று வெளிறலாக வரிசையாக வைத்துக்கொண்டார். "மயிலைங்க தம்பி, சாம்பல் வெள்ளை. கழுத்தும் திமிலும் மட்டும் கருக்கணும், மூஞ்சியில ரொம்ப வேண்டாம்" என்று மாமா சொல்லச் சொல்ல, தம்பி தொட்டுத் தொட்டு ஏற்றினார். செவலையாக, செந்நிறத்தில், பிறந்து ஆறு மாசத்தில் மயிலைக்குத் திரும்பிய கன்று அது, கண்ணபுரம் தேருக்கு மாட்டுச்சந்தை கூடும்போதெல்லாம் விலை கேட்டு வந்தவர்களிடம் மாமா கொடுக்காத காளை. அந்த நெற்றிச் சுழிகூட வந்திருந்தது. நான் கேலி பேசுவதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, என் மாமியார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முன்கையிலும் பச்சை உண்டு, சின்ன வயசில் குறத்தி குத்திவிட்ட புள்ளிக் கோலம். அகத்தியிலைச் சாறும் மஞ்சளும் சேர்த்துத் துணியில் சுருட்டி எரித்த கரிதான் அன்றைக்கு மை. "எனக்குக் கம்பும் காசும் குடுத்துக் குத்துனாங்க. இவன் எவ்வளவு குடுத்தான்?" என்றார். நான் சொல்லவில்லை. "மாட்டுக்குத்தான் அடையாளம் போடுவாங்க, இவனுக்கு மாடே அடையாளமாக்கும்" என்று சொல்லிவிட்டு, கொம்பு மட்டும் சரியாக வந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் ஒரு பிரச்சினை. புண் ஆறும்வரை வெயில் படக்கூடாது, தூசி படக்கூடாது, அரித்தாலும் சொறியக்கூடாது, ரெண்டு மூணு வாரம் பத்திரம் என்று தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறார். ரத்ததானமும் ஒரு வருசத்துக்குக் கிடையாது. இதையெல்லாம் மாமா வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கொம்பைக் காட்டுகிறார். கட்டுத்தரையில் சாணி அள்ளுவதும் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடுவதும் நான். அந்தக் காளை வேறு, எங்கே உன் ஆள் என்கிற மாதிரி என்னை முறைக்கிறது.